கறியும் முட்டைக்கோஸும் ஒரே பானையில்: மிளகும் உப்பும் மட்டும் போட்டு இவ்வளவு ருசி எப்படி?

மழைக்குடை (பெர்கன்)
வெள்ளி, இரவு 11.50

எல்லாருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கத்துக்காரி நான், நார்வேயில் பெர்கன் நகரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலை ஷிப்ட், வீட்டுக்குள் கால் வைக்க இரவு பதினொன்று ஆகிவிடும். வீட்டில் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். அப்பாவுக்கு 74 வயசு, கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தால்தான் தொடுவார். மதியமே குழம்பு, பொரியல், சோறு என்று தனித்தனி டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறேன். அப்பா எதையும் சூடு பண்ணிக்கொள்ள மாட்டார். பிள்ளைகள் வெறும் சோற்றில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். திரும்பி வந்து அந்த டப்பாக்களைத் திறக்கும்போது மனசு கனத்துப்போகிறது.

நேற்று செப்டம்பர் கடைசி வியாழன். எங்கள் இல்லத்தில் ஃபோரிகோல் சமைத்தார்கள். எலும்போடு செம்மறிக் கறி, பெரிய பெரிய துண்டாக வெட்டின முட்டைக்கோஸ், முழு மிளகு, உப்பு, தண்ணீர். வேறு எதுவும் கிடையாது. வெங்காயம்கூட இல்லை, தாளிப்பு இல்லை. காலை பத்து மணியிலிருந்தே தாத்தா பாட்டிகள் வாசம் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். எலும்பை எடுத்தால் கறி தானாகக் கழன்று விழுகிறது. அப்பாவுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

என் கேள்விகள்: மசாலாவே இல்லாமல் இந்த ருசி எங்கிருந்து வருகிறது? உருளைக்கிழங்கையும் அதே பானையில் போடலாமா? வாடகை வீட்டில் இரண்டு வளைய அடுப்பும் சின்ன ஓவனும்தான் உண்டு. நான் இரண்டரை மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு அவர்கள் சூடாகச் சாப்பிட வழி உண்டா?

கடைசியாக ஒன்று. அக்டோபரில் பெரியவளுக்குப் பள்ளியில் காட்டுக்குப் போகும் நாள் வருகிறது. நெருப்பில் சுட அலுமினியத் தாளில் சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படிக் கட்டுவது?


வடகடல் (ஸ்டவாங்கர்)
சனி, காலை 8.15

தங்கச்சி, நான் நோர்வேக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல. ஒவ்வொரு செப்டம்பரும் என்ர வீட்டில ஃபோரிகோல் கட்டாயம் இருக்கும். 'ஃபோர்' எண்டா செம்மறி, 'கோல்' எண்டா கோவா. கோவாவுக்குள்ள செம்மறி, அதுதான் பேர். (கோவா எண்டு நான் சொல்லுறது முட்டைக்கோஸ். தமிழ்நாட்டுப் பிள்ளையள் பால்கோவா எண்டு நினைக்காதேங்கோ.) 1972இல வானொலி நிகழ்ச்சி ஒண்டு இதைத் தேசிய உணவாத் தெரிவு செய்தது. 2014இல விவசாய அமைச்சர் திரும்பப் போட்டி வைச்சவ, அப்பவும் இதுதான் வெண்டது. கோடை முழுக்க மலையில மேய்ஞ்ச செம்மறியள் செப்டம்பரில இறங்கும். அதுதான் இப்ப கடையளில இறைச்சி மலிவு. இந்த மாசமே வாங்கி உறைபெட்டியில போட்டு வையுங்கோ.

நாலு பேருக்கு என்ர கணக்கு: எலும்போட ஒண்டரைக் கிலோ இறைச்சி, ஒண்டரைக் கிலோ கோவா, நாலு தேக்கரண்டி முழு மிளகு, ரெண்டு தேக்கரண்டி உப்பு, 300 மில்லி தண்ணி. இவ்வளவு கொஞ்சத் தண்ணியோ எண்டு பயப்பிடாதேங்கோ. கோவாவில நூறில தொண்ணூறு பங்குக்கு மேல தண்ணிதான், ஒரு மணித்தியாலத்தில அது தானா இறங்கி வந்திடும். முதல் அடுக்கு இறைச்சி, கொழுப்புப் பக்கம் கீழ. அதுக்கு மேல கோவா. ஒவ்வொரு அடுக்குக்கும் உப்பு, மிளகு. பிறகு திரும்ப இறைச்சி, திரும்பக் கோவா. கொதி வந்த உடன அடுப்பைக் குறையுங்கோ. மேல ஒண்டு ரெண்டு குமிழி வந்தாக் காணும். ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம் அப்பிடியே விடுங்கோ. மூடியைத் திறந்து கிண்டினா கோவா கரைஞ்சு கூழாப் போயிடும்.

ருசி எங்க இருந்து வருது எண்டு கேட்டனீங்கள். கழுத்து, விலா, முன்னங்கால் இதுகளில வெள்ளையா நார் ஓடும், அதுதான் கொலாஜன். மெல்லிய சூட்டில மணிக்கணக்கா இருக்கேக்க அது உருகி ஜெலற்றினா மாறும். சாறு நாக்கில ஒட்டுறது அதாலதான். தொடையில அது குறைவு. அதால தொடை இறைச்சி எவ்வளவு அவிச்சாலும் வறண்டு நிக்கும், விலையும் அதிகம். பிறகு கொழுப்பு. மிளகின்ர மணத்தைக் கொழுப்புத்தான் இழுத்து வைச்சிருக்கும். அது மேல ஏறேக்க கோவா முழுக்க அந்த மணம் ஊறும். கோவாவில இனிப்பும் இருக்கு, நீளமா வேகவேகத்தான் அது வெளியில வரும்.

கிழங்கை நோர்வேக்காரர் வேறயா அவிச்சுத்தான் வைப்பினம். ஒரே பானை வேணுமெண்டா தோலோட பாதியா வெட்டி, கடைசி நாப்பது நிமிசம் இருக்கேக்க எல்லாத்துக்கும் மேல வையுங்கோ. சாறுக்குள்ள தாழ விடக் கூடாது. ஆவியிலயே அவிஞ்சிடும், சாறும் கலங்காது.

அலுமினியத் தாள் எனக்குப் பெரிசாப் பழக்கமில்லை, ஆரும் தெரிஞ்சவை சொல்லுவினம். ஆனா நெருப்புக்கு ஒரு சட்டம் இருக்கு. ஏப்ரல் 15இல இருந்து செப்டம்பர் 15 மட்டும் இஞ்ச காட்டிலயோ காட்டுக்குக் கிட்டயோ நெருப்பு மூட்டத் தடை. ஒக்டோபரில பிரச்சினை இல்லை.


அடுப்படி (மதுரை)
சனி, பகல் 1.05

ஸ்டவாங்கர் அக்கா சொன்னதைப் படிச்சுட்டு எங்க வீட்ல ரெண்டு வருஷமா நான் பண்ணிட்டிருக்கிறதைச் சொல்றேன். நம்ம ஊர்ல மட்டன்னா வெள்ளாடு. செம்மறி மாதிரி கொழுப்பு இருக்காது. அதனால கடைக்காரர்கிட்ட நெஞ்செலும்பும் கழுத்தும் கேட்டு வாங்கி, கூடவே ஒரு கைப்பிடி கொழுப்பும் போடச் சொல்லுவேன். கொழுப்பு இல்லாம வெறும் தொடைக்கறியைக் கோஸோட வேக வெச்சா பத்தியச் சாப்பாடு மாதிரிதான் இருக்கும்.

கேஸ் செலவைப் பார்த்து ரெண்டரை மணி நேரம் அடுப்பை எரிய விட முடியாதவங்க குக்கர்ல பண்ணலாம், ரெண்டு தவணையா. முதல்ல கறி, மிளகு, உப்பு, ஒரு டம்ளர் தண்ணி மட்டும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு இருபது நிமிஷம். ஆவி அடங்கினதும் திறந்து, கோஸ், உருளை, கேரட்டைப் பெரிய துண்டாப் போட்டு மறுபடி மூடி ஒரே ஒரு விசில். நான் முதல் தடவை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஆறு விசில் விட்டேன். கோஸ் இருந்த இடமே தெரியலை, கறி இன்னும் கடிக்கிற பதத்துல இருந்துச்சு. குக்கருக்குள்ள சூடு 120 டிகிரி வரைக்கும் போகும். கறிக்கு அது சரி, கோஸ் தாங்காது.

இன்னொண்ணு. வெளிநாட்ல இருக்கிறவங்க நாக்கு கேக்குதுன்னு இதுல தக்காளியோ புளியோ சேர்த்தீங்கன்னா, கிழங்கு நல்லா வெந்த பிறகு சேருங்க. 'புளி ஊத்தினா காய் வேகாது'ன்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. நான் அதை மறந்து ஒரு தடவை தக்காளியை முதல்லயே போட்டுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சும் உருளை நறுக்குனு நின்னுச்சு. காயோட செல்லுகளை ஒட்டி வைக்கிற பெக்டின் புளிப்புல லேசுல கரையாது. ஆச்சி சொன்னதுக்குப் பின்னாடி இருக்கிற காரணம் இதுதான்.


பனைமட்டை (பாரிஸ்)
சனி, மாலை 6.30

பிரான்சில அல்சாஸ் பக்கத்தில இதே யோசனையில ஒரு சமையல் இருக்கு, 'பெக்கஓஃப' எண்டு பேர். அந்த ஊர் மொழியில 'ரொட்டிக்காரரின்ர போறணை' (ஓவன்) எண்டு அர்த்தம். மாடு, செம்மறி, பன்றி மூண்டு இறைச்சியையும் முதல் நாளே வெள்ளை வைனில ஊற வைச்சு, மண் சட்டியில கிழங்கு, வெங்காயம், லீக்ஸ் எண்டு அடுக்கி, மூடியைச் சுத்திக் கோதுமை மா பிசைஞ்சு ஒட்டி அடைப்பினம். திங்கக்கிழமை துணி துவைக்கிற நாள். பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. காலையில சட்டியைக் கொண்டுபோய் ரொட்டிக்காரரிட்டக் குடுத்தா, பாண் சுட்டு முடிஞ்ச போறணையில, அடங்கின சூட்டில அது மத்தியானம் மட்டும் வேகும்.

மா ஒட்டி அடைக்கிறதைப் பாத்த உடன எனக்குத் தம் பிரியாணிதான் ஞாபகம் வந்தது. வேலை ஒண்டுதான்: ஆவியை வெளியில விடாதது.

நான் பன்றியும் வைனும் இல்லாமல், செம்மறியும் மாடும் மட்டும் போட்டு, மரக்கறி அவிச்ச தண்ணி விட்டுச் செய்யிறனான். 160 பாகையில மூண்டரை மணித்தியாலம். கிழங்கை நாலு மில்லிமீற்றருக்கு மெல்லிசா வெட்டாதேங்கோ, கரைஞ்சு போயிடும். அரை சென்றிமீற்றராவது இருக்க வேணும்.


கரிக்கட்டை (மிச்சிகன்)
சனி, இரவு 10.20

மழைக்குடை, தாள் பொட்டலம் என்னோட ஏரியா. என் பையன் சாரணர் படையில இருந்த ஆறு வருஷமும் கேம்ப் சமையல் நான்தான் பார்த்தேன். இங்க இதை 'ஹோபோ டின்னர்'னு சொல்லுவாங்க. வேலை தேடி சரக்கு ரயில்ல ஊர் ஊரா அலைஞ்ச தொழிலாளிகளுக்கு ஹோபோன்னு பேரு. வீட்டு உபயோகத்துக்கான அலுமினியத் தாளை ரெனால்ட்ஸ் கம்பெனி 1947ல கடைக்குக் கொண்டுவந்தது. அதுக்குப் பிறகு கேம்ப் போற எல்லாரோட பையிலயும் இது ஏறிடுச்சு.

நிறைய பேர் தப்பு விடுற இடம் காய் வெட்டுறதுல. பானையில நேரம் நம்ம கையில இருக்கு, கிழங்கைப் பிறகு போடலாம், கோஸை அப்புறம் போடலாம். பொட்டலத்தைக் கட்டி நெருப்புல வெச்சாச்சுன்னா எதையும் பிறகு போட முடியாது. எல்லாம் ஒரே நேரத்துல வெந்து முடியணும். அதை முடிவு பண்றது கத்தி மட்டும்தான். மெதுவா வேகுறதை மெல்லிசா வெட்டணும், சீக்கிரம் வேகுறதைப் பெருசா வெட்டணும். கேரட் ரொம்ப மெதுவா வேகும், அதனால மூணு மில்லிமீட்டர் வில்லை. உருளை நாலு. வெங்காயம் ஒரு விரல் அகலம். குடைமிளகாய், சுக்கினி மாதிரி தண்ணிக் காயெல்லாம் பெரிய துண்டா.

கட்டுற முறை. தடிமனான தாளா வாங்குங்க, மெல்லிசு கரியில கிழிஞ்சிடும். முழங்கை நீளத்துக்குச் சதுரமா ஒரு துண்டு. பளபள பக்கம் உள்ளேயா வெளியேயான்னு கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஆலையில கடைசி உருட்டுல ரெண்டு தாளைச் சேர்த்து உருட்டுவாங்க. உருளையில பட்ட பக்கம் பளபளக்கும், அவ்வளவுதான். தாளுக்கு மேல முதல்ல ஒரு முழு கோஸ் இலை. இதை மட்டும் விட்டுடாதீங்க! கரியோட நேரடிச் சூட்டை அந்த இலை வாங்கிக்கும். அது கருகினாலும் மேல இருக்கிறது கருகாது. இலை மேல வெங்காயம், அதுக்கு மேல கொத்துக்கறியைத் தட்டையா ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல போகாமத் தட்டி வைக்கணும், 150 கிராம் போதும். கறி மேல உருளை, கேரட், உப்பு, மிளகு, ரெண்டு ஸ்பூன் தண்ணி, ஒரு துண்டு வெண்ணெய். கடைசியா இன்னொரு கோஸ் இலையை மூடி மாதிரி கவிழ்க்கணும்.

இப்ப எதிரெதிர் ரெண்டு ஓரத்தையும் மேல தூக்கிச் சேர்த்து, கீழ்நோக்கி மூணு மடி. சாப்பாட்டை ஒட்டி மடிக்காதீங்க, உள்ள ஆவி சுத்திவர ரெண்டு விரல் இடம் வேணும். ரெண்டு பக்க முனையையும் ரெண்டு ரெண்டு மடி. அதுக்கு மேல இன்னொரு தாள், மடிப்பு எதிர்ப்பக்கம் வர்ற மாதிரி. பிள்ளை பேரை மார்க்கர் பேனாவுல மேல எழுதிடுங்க.

நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது வைக்கக் கூடாது. கரி சாம்பல் பூத்து வெளுக்கணும். ஒரு பக்கம் பதினஞ்சு நிமிஷம், திருப்பி இன்னொரு பதினஞ்சு. வீட்டு ஓவன்ல 200 டிகிரியில நாப்பது, நாப்பத்தஞ்சு நிமிஷம். பொண்ணுகிட்ட ஒண்ணு கண்டிப்பாச் சொல்லி அனுப்புங்க: திறக்கும்போது முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டு, மேல கத்தியால ஒரு கீறல் போட்டு ஆவியை விட்டுட்டுத்தான் பிரிக்கணும். எங்க கேம்ப்ல ஒரு பையனுக்கு மணிக்கட்டு வெந்துபோச்சு.


வேப்பங்குச்சி (கோவை)
ஞாயிறு, காலை 7.40

எல்லாரும் சந்தோஷமா எழுதறீங்க, நடுவுல பேசறதுக்கு மன்னிக்கணுங்க. அலுமினியத் தாள்ல கறியைக் கட்டிச் சுட்டுச் சாப்பிடறது உடம்புக்கு நல்லதுங்களா? எங்க வீட்ல அலுமினியப் பாத்திரத்தையே தூக்கிப் போட்டு வருஷமாச்சு. புளிக்குழம்பு வெச்ச அலுமினியச் சட்டி உள்ளே புள்ளி புள்ளியா அரிச்சிருந்ததை நானே பார்த்திருக்கேன். அரிச்சுப் போனது எங்கே போச்சு? வயித்துக்குள்ளதானே? குழந்தைக்குக் கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும். வாழையிலையில கட்டிச் சுடறது நமக்கு இருக்கறப்ப இது எதுக்குங்க?


கரிக்கட்டை (மிச்சிகன்)
ஞாயிறு, காலை 8.05

அண்ணா, வருஷத்துக்கு ரெண்டு மூணு கேம்ப்ல சாப்பிடுறதுக்கு இவ்வளவு பயம் தேவையான்னு தோணுது. பெர்கன்ல அக்டோபர் மாசம் வாழையிலைக்கு அவங்க எங்க போவாங்க?


எடைத்தராசு (ஸ்கார்பரோ)
ஞாயிறு, மாலை 4.10

உணவுப் பாதுகாப்புப் பரிசோதனை எனக்குத் தொழில். அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கோவை அண்ணா பாத்தது உண்மை. புளிப்பும் உப்பும் சேர்ந்தா அலுமினியம் கரையும். ஜெர்மனியின்ர இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2017இல அலுமினியத் தட்டுகளில ஆப்பிள் கூழ், தக்காளி, புளிக்க வைச்ச கோவாச் சாறு இதுகளை வைச்சுச் சோதிச்சது. சாப்பாட்டில அலுமினியம் கூடினதைக் கண்டுதான் புளிப்பான, உப்பான சாப்பாட்டை அதில வைக்க வேண்டாம் எண்டு சொன்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல ஒரு அளவு வைச்சது: உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 60 மில்லிகிராம், 30 கிலோ பிள்ளைக்கு 30. பிள்ளைக்கு அளவு குறைவு எண்டதைக் கவனியுங்கோ. அண்ணா குழந்தையைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி.

அதுக்காகப் பொட்டலத்தை விட வேண்டியதில்லை. தாளுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில பேக்கிங் பேப்பர் ஒரு சுற்று சுத்துங்கோ. உள்ள கோவா இலை, வெளியில தாள். தாள் ஆவியை மட்டும் பிடிச்சு வைக்கட்டும். பேப்பர் எங்கயும் வெளியில நீட்டிக்கொண்டு நிக்கக் கூடாது, கரியில பத்தும். தேசிக்காய் (எலுமிச்சை), தக்காளி, தயிர், புளி எதுவும் உள்ளுக்க வேண்டாம். தேசிக்காயைத் துண்டா வெட்டிக் குடுத்து விடுங்கோ, திறந்த பிறகு பிழியலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேற இடத்தில இருக்கு. முதலாவது கொத்திறைச்சி. முழுத் துண்டில கிருமி வெளிப்பக்கத்திலதான் இருக்கும், சூடு பட்ட உடன செத்திடும். கொத்தின பிறகு அது உள்ளுக்கும் போயிடும். அதால நடுப்பகுதி 71 பாகை வர வேணும், கோழி எண்டா 74. பள்ளிக்கூடப் பயணத்தில தெர்மாமீற்றர் வைச்சு ஆரும் அளக்கப் போறதில்லை. என்ர ஆலோசனை, இறைச்சியை வீட்டிலயே முழுக்கச் சமைச்சு, குளிர வைச்சு, பிறகு பொட்டலம் கட்டுங்கோ. நெருப்பில கிழங்கும் கரட்டும் மட்டும் வெந்தாக் காணும், இறைச்சி நல்லாச் சூடேறினாக் காணும்.

ரெண்டாவது, தாளில சுட்ட கிழங்கை அப்பிடியே வெளியில விடுறது. 1994இல டெக்சஸ் எல் பாசோவில ஒரு உணவகத்தில தாளோட சுட்ட கிழங்கைக் குளிர்பெட்டியில வைக்காமல் நாள்கணக்கா வெளியில வைச்சு, பிறகு மசிச்சுப் பரிமாறினவை. முப்பது பேருக்கு பொட்டுலிசம் (ஒரு கிருமியின்ர நஞ்சால நரம்பு முடங்குற வருத்தம்) வந்தது. தாள் இறுக்கமாச் சுத்தியிருந்தா உள்ள காத்து இல்லை, ஈரம் இருக்கு, அந்தக் கிருமிக்கு அது சொர்க்கம். மிஞ்சினா தாளைக் கழட்டி ஆழமில்லாத பாத்திரத்தில பரப்பிக் குளிர்பெட்டியில வைக்க வேணும், ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள.

பானைக்கும் அதே கதை. ஆறு லீற்றர் பானையை மூடியோட விடிய விடிய மேசையில ஆற விட்டா நடுப்பகுதி மணிக்கணக்கா இளஞ்சூட்டில நிக்கும். இறைச்சிச் சாறில வளர எண்டே ஒரு கிருமி இருக்கு, குளொஸ்ரிடியம் பெர்ஃபிரின்ஜன்ஸ். வேகேக்க சாகாமல் வித்தா ஒளிச்சிருந்து, ஆறேக்க முளைக்கும்.


வேப்பங்குச்சி (கோவை)
ஞாயிறு, இரவு 8.00

நன்றிங்க. பேப்பர் சுத்தற யோசனை எனக்கும் சரின்னு படுது. வீட்லயும் சொல்றேன்.


ஈரச்சாக்கு (லிவர்பூல்)
ஞாயிறு, இரவு 9.15

இங்க 'ஸ்கவுஸ்'னு ஒரு பானைச் சாப்பாடு இருக்கு: ஆட்டுக்கறி இல்லைன்னா மாட்டுக்கறி, உருளை, கேரட், வெங்காயம். லிவர்பூல்காரங்களையே ஸ்கவுசர்னு கூப்பிடுறது இதை வெச்சுத்தான். நார்வேயில 'லாப்ஸ்கவுஸ்'னு இருக்கே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். கப்பல்காரங்க வழியா வடகடல் துறைமுகமெல்லாம் சுத்தின சாப்பாடு. உருளையை ரெண்டு தடவை போடணும். முதல் பங்கு கறியோடவே, அது கரைஞ்சு குழம்பைக் கெட்டியாக்கும். ரெண்டாவது பங்கு கடைசி அரை மணியில, அது துண்டா நிக்கும். மாவு எதுவும் தேவைப்படாது. பல் இல்லாத பெரியவங்களுக்கு ஃபோரிகோலைவிட இது சுலபம்னு நினைக்கிறேன்.


வடகடல் (ஸ்டவாங்கர்)
ஞாயிறு, இரவு 10.40

தங்கச்சி, ரெண்டரை மணிக்குப் போனா ஏழு மணிக்கு எப்பிடிச் சூடா எண்டு நீங்கள் கேட்டது எனக்கு ரெண்டு நாளா மனசில நிண்டது. இஞ்ச ஒரு பழைய முறை இருக்கு, 'ஹேய்காசெ'. வைக்கோல் பெட்டி. கொதிக்கிற பானையை வைக்கோல் அடைஞ்ச மரப்பெட்டிக்குள்ள இறக்கி மூடிவிட்டா, அடுப்பே இல்லாமல் அது தன்ர சூட்டிலயே வெந்துகொண்டிருக்கும். 1867இல பாரிஸ் கண்காட்சியிலயே நோர்வேயில செய்த இப்பிடி ஒரு பெட்டியை வைச்சவை. வயலுக்கும் கடலுக்கும் போற வீடுகளுக்கு அது பெரிய உதவி.

வைக்கோல் தேவையில்லை. பயணத்துக்குக் கொண்டு போற குளிர்ப்பெட்டி ஒண்டு எடுங்கோ. அடியில மடிச்ச கம்பளி, சுத்திவரக் கம்பளி, மேல ஒரு தலையணை. அடி கனத்த இரும்புப் பானை, முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிருக்க வேணும். அரைப்பானை எண்டா கெதியா ஆறிப்போகும். இறைச்சியும் கோவாவும் அடுப்பில நாப்பது நிமிசம் வடிவாக் கொதிக்கட்டும். கிழங்கைக் கடைசிப் பத்து நிமிசத்தில மேல வைச்சு, மூடியைத் திறக்காமல் அப்பிடியே பெட்டிக்குள்ள இறக்குங்கோ. அப்பா திறந்து அகப்பையால போட்டுச் சாப்பிட்டாக் காணும், அடுப்பைத் தொட வேண்டிய தேவையில்லை.


அடுப்படி (மதுரை)
திங்கள், காலை 6.50

அக்கா, நம்ம ஊர்ல சோறு வடிக்கிற தெர்மல் ரைஸ் குக்கர் இதே தத்துவம்தான்! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. இதுல கறி வைக்கலாம்னு இத்தனை வருஷமாத் தோணவே இல்லை.


எடைத்தராசு (ஸ்கார்பரோ)
திங்கள், மாலை 5.30

அருமையான முறை. ஒரேயொரு நிபந்தனை: திறக்கேக்க சாறு 60 பாகைக்கு மேல இருக்க வேணும். வீட்டில நிக்கிற நாளில ஒருக்கா வைச்சு, அதே நாலரை மணித்தியாலம் கழிச்சு தெர்மாமீற்றரால அளந்து பாருங்கோ. அறுபதுக்குக் கீழ போனா அந்தப் பெட்டி சரிவராது, இன்னும் கம்பளி சுத்த வேணும். அளக்காமல் அப்பாவை நம்பி விட்டிடாதேங்கோ.


மழைக்குடை (பெர்கன்)
வியாழன், இரவு 11.35

இத்தனை பேர் எனக்காக இவ்வளவு யோசிப்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. கழுத்தும் விலாவும் கலந்து ஒன்றரைக் கிலோ வாங்கினேன். ஐந்து லிட்டர் இரும்புப் பானை, குளிர்ப்பெட்டி, இரண்டு கம்பளி. சரியாக இரண்டே காலுக்குப் பெட்டியை மூடினேன். ஆறே முக்காலுக்குத் திறந்து அளந்தால் 66 டிகிரி. கறி எலும்பை விட்டு வந்தது. ஆனால் உருளையின் நடுவில் கொஞ்சம் கடினம் இருந்தது. இன்று கிழங்கைப் பாதியாக வெட்டாமல் நாலாக வெட்டி, பத்து நிமிஷத்துக்குப் பதில் பதினைந்து நிமிஷம் அடுப்பில் கொதிக்க விட்டேன். பழைய ஸ்வெட்டர் ஒன்றையும் பானையைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

எட்டு மணிக்கு அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை, பயந்துபோய் எடுத்தேன். "பானையில இன்னும் புகை வருதும்மா. நான் ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன், புள்ளைங்க எலும்பை உறிஞ்சிக்கிட்டு இருக்குதுங்க. உனக்கு எடுத்து வைக்கவா?" என்றார். இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. ஒரு கிண்ணத்தில் பரப்பிப் போட்டு உடனே ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். வந்து கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

தாள் பொட்டலத்தை ஞாயிறு ஓவனில் ஒத்திகை பார்க்கப்போகிறோம். கேரட்டை மூன்று மில்லிமீட்டரில் வெட்ட அளவுகோலை எடுத்துவந்து உட்கார்ந்திருக்கிறாள் பெரியவள். அடுத்த வாரம் ஸ்கவுஸ்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி: முட்டைக்கோஸின் நடுத்தண்டை எறிந்துவிட வேண்டுமா?


வடகடல் (ஸ்டவாங்கர்)
வெள்ளி, காலை 7.05

எறியாதேங்கோ தங்கச்சி. ஆப்பு மாதிரி வெட்டேக்க ஒவ்வொரு துண்டிலயும் தண்டு கொஞ்சம் ஒட்டி இருக்க வேணும், இலை பிரியாமல் பிடிச்சு வைச்சிருக்கிறது அதுதான். இறைச்சிக்கு மேல அடுக்கேக்க தண்டுப் பக்கம் கீழ வாற மாதிரி வையுங்கோ. கடைசியில அதுதான் பானையில எல்லாத்தையும்விட இனிப்பான துண்டு, அதை அப்பாவுக்குக் குடுங்கோ.